வாக்கியக் கணக்கு: கேள்வியைப் படிப்பதிலிருந்து விடை எழுதுவது வரை

"மிஸ், இது கூட்டலா, பெருக்கலா?"

வேலூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நான்காம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கணக்கு சொல்லித் தருகிறேன். பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். கேட்கிற பிள்ளைக்குக் கூட்டவும் தெரியும், பெருக்கவும் தெரியும். கணக்கைத்தான் இன்னும் படிக்கவில்லை. கண்ணில் பட்ட இரண்டு எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, நடுவில் என்ன குறி போடுவது என்று மட்டும் கேட்கிறது.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் அந்தக் கணக்கு முடிந்துவிடும், அடுத்த கணக்குக்கும் அதே கேள்வி வரும். அதனால் நான் பதில் சொல்வதில்லை. கீழே உள்ள வரிசையில் செய்ய வைக்கிறேன். ஒரே கணக்கை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம்:

ஒரு வியாபாரி இலவம்பாடியில் கிலோ 40 ரூபாய் வீதம் 25 கிலோ முள்ளுக் கத்தரிக்காய் வாங்கினார். வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குக் கொண்டுவர ஆட்டோ கூலி 150 ரூபாய். அதில் 2 கிலோ அழுகிவிட்டது. மீதியைக் கிலோ 60 ரூபாய் வீதம் விற்றார். அவருக்கு இலாபமா, நட்டமா? எத்தனை சதவீதம்?

1. உட்காரும் முன் வேண்டியவை

கட்டம் போட்ட நோட்டு. ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம். கோடு போட்ட நோட்டில் எழுதும் பிள்ளைக்கு மூன்றாவது வரிக்குள் பத்தின் இடம் நூறின் பக்கம் சாய்ந்துவிடும். கூட்டல் தெரிந்த பிள்ளையும் அங்கே தப்பு விடும். அதை "கவனக்குறைவு" என்று நாம் திட்டுவோம். நோட்டை மாற்றினாலே பாதி சரியாகும்.

பென்சில் வேண்டும், ரப்பர் வேண்டாம். தப்பானால் ஒரே கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். ரப்பரால் அழித்துவிட்டால் எங்கே தடுமாறியது என்ற தடயம் போய்விடும். அந்தத் தடயத்தை வைத்துத்தான் நாம் சொல்லித்தர முடியும்.

பக்கத்தின் வலது ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு கோடு கிழித்து "வழி" என்று எழுதிக்கொள்ளட்டும். பெருக்கல், வகுத்தல் எல்லாம் அங்கே. தனித் தாளில் வழி செய்தால் அந்தத் தாள் தொலைந்துபோகும், எண்ணைத் திரும்பப் பார்த்து எழுதும்போது 69 என்பது 96 ஆகும்.

வாய்ப்பாடு பத்து வரைக்கும் தெரிய வேண்டும். ஒன்றிலிருந்து வரிசையாகப் பாட்டு மாதிரி ஒப்பிப்பது போதாது. "ஏழெட்டு எவ்வளவு?" என்று நடுவிலிருந்து கேளுங்கள். மனசுக்குள் ஏழொன்று ஏழிலிருந்து ஓடி வந்தால் இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு வாய்ப்பாட்டை ஒரு அட்டையில் எழுதிப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். வாக்கியக் கணக்கு பழகும் நேரத்தில் வாய்ப்பாட்டுக்காகத் திணற வைத்தால் இரண்டுமே வராது. வாய்ப்பாட்டைக் காலையில் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு சின்ன சோதனை. 5003 − 1867, 1824 ÷ 6, 1/2 + 1/4, 3.5 + 0.75. இந்த நான்கையும் போடச் சொல்லுங்கள். இரண்டு தப்பானால் முதலில் 7-ஆம் பகுதிக்குப் போய்விட்டு வாருங்கள்.

2. எண்ணை மறைத்து ஒரு முறை, எண்ணோடு ஒரு முறை

முதல் முறை படிக்கும்போது எண் எல்லாவற்றையும் "கொஞ்சம்" என்று மாற்றிப் படிக்கச் சொல்வேன். "ஒரு வியாபாரி கிலோ கொஞ்சம் ரூபாய்க்குக் கொஞ்சம் கிலோ கத்தரிக்காய் வாங்கினார். ஆட்டோவுக்குக் கொஞ்சம் கொடுத்தார். கொஞ்சம் அழுகிவிட்டது. மீதியை விற்றார்." படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு என்ன நடந்தது என்று கதையாகச் சொல்ல வேண்டும். எண் கண்ணில் பட்டதும் கை உடனே குறி தேடும். மறைத்துவிட்டால் கதை மட்டும்தான் மிச்சம், அதைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

கதையைச் சொல்ல முடியாவிட்டால் கணக்கைத் தொட வேண்டாம். பெரும்பாலும் ஒரு சொல் புரியாமல் இருக்கும். "வீதம்" என்ற சொல் பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. "ஒவ்வொரு கிலோவுக்கும்" என்று சொன்னால் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

இரண்டாம் முறை எண்ணோடு, வாய்விட்டு, ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் நிறுத்திப் படிக்க வேண்டும். ஒரு வாக்கியம் ஒரு செய்தி. நான்கு வாக்கியம் இருந்தால் நான்கு செய்தி கையில் இருக்க வேண்டும்.

இதே கணக்கை ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி போட்டுக்கொண்டிருந்தாள். அழுகிய 2 கிலோவைக் கழித்துவிட்டு, 23 கிலோவுக்கு 40 ரூபாய் வீதம் வாங்கிய விலை என்று எழுதியிருந்தாள். அவளை அழைத்துப்போக வந்த அம்மா எட்டிப்பார்த்தார். மார்க்கெட்டில் காய் விற்பவர், பள்ளிக்கூடம் போகாதவர். "அழுகினதுக்கும் சேத்துதானேம்மா காசு குடுத்துட்டு வந்தாங்க?" என்றார். அவ்வளவுதான். அந்தப் பெண் அதற்குப் பிறகு அந்தத் தப்பைச் செய்யவில்லை. கதையைக் கதையாகப் பார்த்தால் கணக்கு தானாக நேராகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

3. கொடுத்தது, கேட்டது: பிரித்து எழுதுதல்

நோட்டில் இப்படி எழுத வேண்டும்:

கொடுத்தது:
வாங்கியது 25 கிலோ, கிலோ 40 ரூபாய்
ஆட்டோ கூலி 150 ரூபாய்
அழுகியது 2 கிலோ
விற்ற விலை கிலோ 60 ரூபாய்

கேட்டது: இலாபமா நட்டமா? எத்தனை சதவீதம்?

எண்ணை மட்டும் எழுதினால் போதாது, பக்கத்தில் அது என்ன என்பதும் வேண்டும். வெறும் 40, 60 என்று இருந்தால் ஐந்து நிமிடம் கழித்து எது வாங்கியது, எது விற்றது என்று மறந்துபோகும்.

கேட்டதைக் கடைசி வாக்கியத்திலிருந்து அப்படியே எடுத்து எழுத வேண்டும். இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. பல பிள்ளைகள் "இலாபம் 230 ரூபாய்" என்று எழுதிவிட்டு எழுந்துவிடும். சதவீதம் கேட்டது நினைவிலேயே இருக்காது. தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்.

சில கணக்கில் தேவையில்லாத எண்ணும் இருக்கும். "காலை 5 மணிக்குப் போய்" என்று வந்தால் அந்த 5-க்கு இங்கே வேலை இல்லை. எல்லா எண்ணையும் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படி ஒரு விதி இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

4. அலகை ஒன்றாக்குதல்

கணக்கைப் போடுவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை இது. பாதியில் செய்தால் எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை என்று குழம்பும். கிலோவும் கிராமும், ரூபாயும் பைசாவும், மணியும் நிமிடமும் கலந்து வந்தால் முதலில் ஒரே அலகுக்குக் கொண்டுவர வேண்டும்.

அதிகம் தடுக்கும் இடங்கள் மூன்று.

1 கிலோ 50 கிராம் என்பதை 1.50 கிலோ என்று எழுதுவார்கள். ஒரு கிலோவில் 1000 கிராம், அதனால் கிராமுக்கு மூன்று இடம் வேண்டும். 1.050 கிலோ. 2 மீட்டர் 5 சென்டிமீட்டர் என்றால் 2.05 மீட்டர். சந்தேகமாக இருந்தால் தசமமே வேண்டாம். 1050 கிராம், 205 சென்டிமீட்டர் என்று சின்ன அலகில் போட்டுவிட்டுக் கடைசியில் மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது நேரம். காட்பாடியிலிருந்து சென்னைக்கு ஒரு ரயில் 5.50-க்குக் கிளம்பி 7.40-க்குச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம், பயண நேரம் எவ்வளவு? 7.40-இலிருந்து 5.50-ஐச் சாதாரணமாகக் கழித்து 1.90 என்று எழுதாத பிள்ளையை நான் பார்த்தது குறைவு. கடன் வாங்கும்போது 100 வராது, 60 வரும். 7 மணி 40 நிமிடம் என்பது 6 மணி 100 நிமிடம். அதில் 5 மணி 50 நிமிடம் போக, 1 மணி 50 நிமிடம். கழிக்கவே வேண்டாம் என்றால் இன்னொரு வழி: 5.50-இலிருந்து 6 மணிக்கு 10 நிமிடம், 6-இலிருந்து 7-க்கு ஒரு மணி, அப்புறம் 40 நிமிடம். கூட்டினால் அதே 1 மணி 50 நிமிடம். சின்னப் பிள்ளைகளுக்கு இதுதான் நல்லது. அதே மாதிரி 2 மணி 15 நிமிடம் என்பது 2.15 மணி ஆகாது. 15 நிமிடம் கால் மணி, எனவே 2.25.

மூன்றாவது பரப்பளவு. 1 அடிக்கு 12 அங்குலம், ஆகவே 1 சதுர அடிக்கும் 12 சதுர அங்குலம் என்று நினைப்பார்கள். இதை வாயால் சொல்லிப் பயனில்லை. திண்ணையில் சாக்பீஸால் ஓரடிக்கு ஓரடி சதுரம் போட்டு, இரண்டு பக்கமும் அங்குலத்துக்கு ஒரு கோடு கிழிக்கச் சொல்வேன். கிழித்து முடித்து எண்ண ஆரம்பிக்கும்போதே "பன்னெண்டு வரிசை மிஸ்" என்று வந்துவிடும். 12 × 12 = 144. நம் பக்கத்து மனைக் கணக்குக்கு 1 சென்ட் 435.6 சதுர அடி, 100 சென்ட் 1 ஏக்கர் என்று தெரிந்தால் போதும். வேலூர்க் கோட்டை 133 ஏக்கர். எத்தனை சென்ட் என்று கேட்டால் 13,300 என்று வாயாலேயே சொல்லலாம். 30 அடிக்கு 40 அடி மனை 1200 சதுர அடி, அதாவது 2.75 சென்டுக்கு ஒரு துளி மேலே.

5. தோராயமாக ஒரு விடை

கணக்கைப் போட ஆரம்பிக்கும் முன் ஒரு ஊகம். கத்தரிக்காய்க்கு 25 × 40, ஆயிரம். ஆட்டோவோடு ஆயிரத்துக்கு மேலே. விற்றது 23 கிலோ, அறுபது ரூபாய், கிட்டத்தட்ட 1400. ஆக இலாபம்தான், சில நூறு ரூபாய். இதைப் பக்கத்தின் மேல் மூலையில் சின்னதாக எழுதி வட்டம் போட்டு வைக்க வேண்டும்.

கடைசியில் 23 ரூபாயோ 2,300 ரூபாயோ வந்தால் அந்த வட்டம் உடனே காட்டிக்கொடுக்கும். கணக்கு போட்ட பிறகு ஊகித்தால் வந்த விடைக்கு ஏற்றபடிதான் மனசு ஊகிக்கும். அதனால்தான் முன்பே.

6. எந்தச் செய்கை என்று முடிவு செய்தல்

இப்போதுதான் "கூட்டலா பெருக்கலா" என்ற கேள்விக்கு வருகிறோம். இதற்கு முந்தைய ஐந்து படியையும் செய்த பிள்ளை பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

"மொத்தம்" என்று வந்தால் கூட்டு, "மீதி" என்று வந்தால் கழி, "அதிகம்" என்று வந்தால் கூட்டு என்று சொல்லிக்கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். இரண்டாம் வகுப்பில் இது கைகொடுக்கும், ஐந்தாம் வகுப்பில் காலை வாரிவிடும். பாருங்கள்:

அக்காவிடம் 45 ரூபாய் இருக்கிறது. அது தம்பியிடம் இருப்பதை விட 12 ரூபாய் அதிகம். தம்பியிடம் எவ்வளவு?

"அதிகம்" என்ற சொல்லைப் பார்த்து 57 என்று எழுதுவார்கள். யாரிடம் அதிகம் என்று கேளுங்கள். அக்காவிடம். அப்படியானால் தம்பியிடம் 45-க்கு மேலே இருக்க முடியுமா? முடியாது. விடை 33. இந்த வகைக் கணக்குக்கு இரண்டு பட்டை வரைவது நல்லது. மேலே நீளமான பட்டை அக்கா, கீழே குட்டையான பட்டை தம்பி, மிஞ்சி நிற்கிற துண்டு 12. படம் போட்ட பிள்ளை 57 எழுதவே எழுதாது.

பெருக்கலா வகுத்தலா என்பதில் குழப்பம் வருவது எண் அசிங்கமாக இருக்கும்போது. "0.75 கிலோ மீன் 180 ரூபாய். 1 கிலோ எவ்வளவு?" உடனே பெருக்கி 135 என்பார்கள். முக்கால் கிலோவே 180 ரூபாய் ஆகும்போது முழுக் கிலோ 135 எப்படி? இங்கே நான் சொல்லித்தரும் உபாயம், எண்ணை மட்டும் எளிதாக்கிக் கதையை அப்படியே வைத்துக்கொள்வது. "2 கிலோ மீன் 100 ரூபாய், 1 கிலோ எவ்வளவு?" ஐம்பது. எப்படி வந்தது? 100-ஐ 2-ஆல் வகுத்தோம். அதாவது ரூபாயைக் கிலோவால் வகுத்தோம். இப்போது பழைய எண்ணைத் திரும்பப் போடுங்கள்: 180 ÷ 0.75 = 240. இந்த ஓர் உபாயம் கைவந்துவிட்டால் எட்டாம் வகுப்பு வரை கவலை இல்லை.

அடுத்து, ஒன்றுக்கு எவ்வளவு என்று முதலில் கண்டுபிடிக்கும் முறை. 5 கிலோ அரிசி பிரியாணி 40 பேருக்கு வரும், 100 பேருக்கு எவ்வளவு அரிசி? 1 கிலோ 8 பேருக்கு. 100 ÷ 8 = 12.5 கிலோ. ஆள் கூடினால் அரிசியும் கூடும், இது நேர் விகிதம்.

எல்லாமே இப்படி இருக்காது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஓர் ஆர்டரை 8 பேர் 12 நாளில் முடிப்பார்கள். 6 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? பழக்க தோஷத்தில் 9 என்று வரும். ஆள் குறைந்தால் நாள் குறையுமா? வீட்டில் நான்கு பேர் சேர்ந்து பாத்திரம் கழுவுவதையும் ஒருவர் மட்டும் கழுவுவதையும் நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாள் கூடத்தான் வேண்டும். மொத்த வேலை 8 × 12 = 96 ஆள்நாள் (ஒருவர் ஒரு நாளில் செய்யும் வேலை ஓர் ஆள்நாள்). 96 ÷ 6 = 16 நாள். ஒன்று கூடும்போது இன்னொன்று கூடுமா குறையுமா என்று ஒரு வரி எழுதிவிட்டுத்தான் கணக்குக்குள் போக வேண்டும் என்பது என் திண்ணையில் சட்டம்.

கம்பக் கணக்கும் பலரை ஏமாற்றும். 100 மீட்டர் தெருவில் இரண்டு முனையிலும் கம்பம் உண்டு, 10 மீட்டருக்கு ஒன்று. எத்தனை கம்பம்? 10 இல்லை, 11. கையை விரித்துக் காட்டுங்கள். விரல் ஐந்து, இடைவெளி நான்கு.

கத்தரிக்காய்க்கு வருவோம். செய்கையைச் சொல்லால் எழுத வேண்டும், எண் இன்னும் வேண்டாம்:

அடக்க விலை = வாங்கிய விலை + ஆட்டோ கூலி
விற்ற விலை = நல்ல காய் எத்தனை கிலோ × ஒரு கிலோ விற்ற விலை
இலாபம் = விற்ற விலை − அடக்க விலை

ஆட்டோ கூலி ஏன் அடக்க விலையில் சேர்கிறது என்று கேட்பார்கள். காய் மார்க்கெட்டுக்கு வந்து சேர அவர் கையிலிருந்து போன காசு எல்லாம் அடக்கம்தான்.

7. வழி: எண் தப்பும் இடங்கள்

25 × 40 = 1000. 1000 + 150 = 1150. 25 − 2 = 23. 23 × 60 = 1380. 1380 − 1150 = 230. இதில் கஷ்டமான எண் இல்லை. ஆனால் மற்ற கணக்கில் எண்ணே கவிழ்க்கும் இடங்கள் உண்டு.

பூஜ்யத்திடம் கடன். 5003 − 1867. பக்கத்தில் பூஜ்யம், அதற்குப் பக்கத்திலும் பூஜ்யம், யாரிடம் கடன் வாங்குவது? 5003-ஐ 500 பத்தும் 3 ஒன்றும் என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பத்தைக் கொடுத்தால் 499 பத்து, 13 ஒன்று. 13 − 7 = 6. 499 − 186 = 313. விடை 3136. கடனே வாங்காமலும் செய்யலாம்: இரண்டு எண்ணிலும் 4 குறைத்தால் வித்தியாசம் மாறாது. 4999 − 1863, அதே 3136.

ஈவில் பூஜ்யத்தை விடுவது. குடியாத்தத்தில் 1824 தீப்பெட்டியை 6 அட்டைப்பெட்டியில் சமமாக அடுக்கினால் ஒன்றில் எத்தனை? 18-இல் ஆறு மூன்று முறை. அடுத்து 2-ஐ இறக்குகிறோம். 2-இல் ஆறு போகாது. இங்கே பிள்ளை ஒன்றும் எழுதாமல் 4-ஐயும் இறக்கி 24-இல் ஆறு நான்கு முறை என்று 34 எழுதும். போகாவிட்டால் "போகவில்லை" என்பதற்கு அடையாளமாக ஈவில் 0 வைத்தே ஆக வேண்டும். இறக்கிய ஒவ்வோர் இலக்கத்துக்கும் மேலே ஓர் இலக்கம். விடை 304. தோராயம் போட்டிருந்தால் 1800-ஐ ஆறால் வகுத்து 300 என்று வட்டத்தில் இருந்திருக்கும், 34-ஐப் பார்த்ததும் சந்தேகம் வந்திருக்கும்.

பின்னக் கூட்டல். 1/4 + 1/4 + 1/4 என்பதை மேலே மேலே, கீழே கீழே கூட்டி 3/12 என்று எழுதுவார்கள். இங்கே தமிழே நமக்கு உதவி செய்கிறது. கால் கிலோ மூன்று முறை வாங்கினால் என்ன? முக்கால். மூன்று கால் என்பதுதான் முக்கால், பெயரிலேயே விடை இருக்கிறது. 3/12 என்பதைச் சுருக்கினால் 1/4 வரும். மூன்று கால் கிலோ சேர்ந்து மறுபடியும் கால் கிலோ ஆகுமா? கீழே இருக்கும் எண் துண்டின் அளவைச் சொல்கிறது, அதைக் கூட்டக்கூடாது. துண்டின் அளவு வேறாக இருந்தால் முதலில் ஒரே அளவாக வெட்ட வேண்டும், மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுப்பது அதற்குத்தான். 1/2 + 1/4 என்றால் அரையை இரண்டு காலாக வெட்டி, 2/4 + 1/4 = 3/4.

தசமக் கூட்டல். 3.5 + 0.75 என்பதை வலது ஓரம் ஒட்டி எழுதிக் குழப்பிக்கொள்வார்கள். புள்ளிக்கு நேர் கீழே புள்ளி. 3.50 + 0.75 = 4.25. ரூபாய், காசு என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

8. சதவீதமும் வட்டியும்

சதவீதத்தில் ஒரே ஒரு கேள்வி: எதை நூறாக வைத்துப் பேசுகிறோம்? இலாபச் சதவீதம் அடக்க விலையின் மேல். 230 ÷ 1150 × 100 = 20. இலாபம் 20 சதவீதம். கீழே 1380 போட்டால் பதினாறே சொச்சம் வரும், 1000 போட்டால் 23 வரும். இரண்டும் தப்பு. வகுக்கும் எண்ணின் பக்கத்தில் அதன் பெயரையும் எழுதச் சொல்லுங்கள், இந்தத் தப்பு நின்றுவிடும்.

500 ரூபாய் பொருளின் விலையை 20 சதவீதம் ஏற்றி, அப்புறம் 20 சதவீதம் குறைத்தால் பழைய விலை வராது. 600 ஆகி, 480-இல் நிற்கும். ஏற்றியபோது நூறு என்பது 500, குறைத்தபோது நூறு என்பது 600.

வட்டிக்கு வந்தால் புத்தகமும் தெருவும் வேறு வேறு மொழி பேசுகின்றன. புத்தகத்தில் "8% தனிவட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு ஓர் ஆண்டுக்கு 8 ரூபாய். தெருவில் "ரெண்டு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய், ஆண்டுக்கு 24 ரூபாய். வீட்டில் பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளை இரண்டையும் கலந்துவிடும். ரெண்டு வட்டிக்கு 10,000 ரூபாய் ஆறு மாதம் வாங்கினால் மாதம் 200, ஆறு மாதத்துக்கு 1,200. அதையே ஆண்டுக்கு 2% என்று தனிவட்டிச் சூத்திரத்தில் போட்டால் 100 ரூபாய்தான் வரும். பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். கணக்கில் ஆண்டுக்கா, மாதத்துக்கா என்று முதலில் அடிக்கோடு போடட்டும்.

15,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 8% வீதம் 2 ஆண்டு 6 மாதத்துக்குத் தனிவட்டி: அசல் × ஆண்டு × வட்டி வீதம் ÷ 100. ஆண்டு 2.6 இல்லை, 2.5. 15000 × 2.5 × 8 ÷ 100 = 3,000 ரூபாய்.

9. விடையை எழுதிச் சரிபார்த்தல்

முதலில் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். அடக்கம் 1150, அதில் 20 சதவீதம் 230, கூட்டினால் 1380. 1380-ஐ 60-ஆல் வகுத்தால் 23 கிலோ. ஆரம்பித்த இடத்துக்கு வந்துவிட்டோம். அதே கணக்கை மறுபடியும் மேலிருந்து போட்டுப் பார்ப்பது சரிபார்த்தல் ஆகாது, முதல் முறை தடுக்கிய கல்லிலேயே மறுபடியும் தடுக்குவோம்.

அடுத்து கேள்வியைத் திரும்பப் படித்து, கேட்ட வடிவில் முழு வாக்கியமாக எழுத வேண்டும்: "வியாபாரிக்கு 230 ரூபாய் இலாபம், இலாபச் சதவீதம் 20%."

வகுத்தலில் மீதி வந்தால் கதையைக் கேட்க வேண்டும். காவலூர் வானாய்வகத்துக்கு 130 மாணவர்கள் போகிறார்கள், ஒரு பஸ்ஸில் 40 பேர். 130 ÷ 40, ஈவு 3, மீதி 10. எத்தனை பஸ்? நான்கு. பத்துப் பேரை விட்டுவிட்டுப் போக முடியாது. கையில் 130 ரூபாய், ஒரு நோட்டு 40 ரூபாய், எத்தனை நோட்டு வாங்கலாம்? மூன்று. எண் ஒன்றேதான், விடை வேறு.

10. பக்கத்தில் உட்காருபவருக்கு

பென்சிலைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்காதீர்கள். நாம் போட்டுக் காட்டும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். தானாகப் போடும்போதுதான் தெரியும். போட்டுக் காட்ட வேண்டுமானால் எண் மாற்றிய வேறு கணக்கை உங்கள் தாளில் போடுங்கள்.

தடுமாறினால் விடை சொல்லாமல் இந்த மூன்றைக் கேளுங்கள்: என்ன நடந்தது? என்ன கேட்டிருக்கிறார்கள்? இப்போது உனக்கு என்ன தெரியும்? கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த அரை நிமிட மௌனம் பெரியவர்களுக்குத்தான் கஷ்டம்.

ஒரு நாளைக்கு மூன்று கணக்கு போதும், எல்லாப் படியோடும். இருபது கணக்கு கொடுத்தால் படியை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்து ஓடும். தப்பான கணக்கைத் தனி நோட்டில் எழுதி, எந்தப் படியில் தப்பியது என்று பக்கத்தில் குறித்து வாருங்கள். இரண்டு வாரத்தில் ஒரே படி திரும்பத் திரும்ப வருவது தெரியும். அந்த ஒரு படியை மட்டும் பழக்கினால் போதும்.

பழகிப் பார்க்க ஒரு கணக்கு. ஒருவர் குடியாத்தத்தில் லுங்கி ஒன்று 180 ரூபாய் வீதம் 5 டஜன் வாங்கினார். லக்கேஜ் கூலி 200 ரூபாய். 10 லுங்கியில் சாயம் ஒட்டியிருந்ததால் அவற்றை ஒன்று 125 ரூபாய் வீதம் கொடுத்தார். மீதியை ஒன்று 250 ரூபாய் வீதம் விற்றார். இலாபம் எத்தனை சதவீதம்?

விடை 25 சதவீதம், இலாபம் 2,750 ரூபாய். வேறு எண் வந்தால் அழிக்க வேண்டாம், அந்த எண்ணே எங்கே தடுக்கியது என்று சொல்லும். 2,950 வந்தால் லக்கேஜ் கூலியை விட்டிருக்கிறது, 3-ஆம் படிக்குப் போங்கள். 4,000 வந்தால் சாயம் ஒட்டியதையும் 250-க்கே விற்றிருக்கிறது, கதையை இன்னொரு முறை சொல்ல வேண்டும். 2,050 வந்தால் டஜனைப் பத்து என்று எடுத்திருக்கிறது, அலகு. 2,750 என்று எழுதிவிட்டு எழுந்துவிட்டால் கடைசி வாக்கியத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.